ஹிந்தாவின் புருஷன்

எங்கள் வீட்டுத் தொலைபேசி மணி அடித்தால் அது முட்டையாகத்தான் இருக்கும் என்று என் அம்மா சொல்வாள். பாதி நாள் அவள் சொன்னதுதான் சரி. "ரெபே இருக்காரா? முட்டைய உடைச்சேன், உள்ள ரத்தப் பொட்டு. தூக்கிப் போடணுமா?" போட வேண்டும். "கறிச் சட்டியில பால் தெறிச்சிடுச்சு." எவ்வளவு பால், சட்டி சூடா? கறியும் பாலும் எங்களுக்குக் கலக்கக் கூடாது. "புள்ளைக்கு மாமியார் பேரை வைக்கச் சொல்றாங்க." மாமியார் உயிரோடு இருக்கிறாளா? இருக்கிறாள் என்றால் கூடாது. "அப்ப நான் காத்திருக்கவா ரெபே?" என்று ஒருத்தி கேட்டாள், என் அப்பா சிரிக்காமல், "அவங்க நல்லா இருக்கட்டும்மா, நீ வேற பேரு பாரு" என்றார்.

கனடாவில் வின்னிபெக் நகரத்தின் வடக்குப் பக்கத்தில், யூத குருவான என் அப்பா ரப்பி நாஃப்தலியைத் தெரியாத யூதர் இல்லை; எல்லாருக்கும் அவர் ரெபே. ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பார். அவருக்கு அம்மாவும் நானும்தான் காரியதரிசிகள். அம்மா போன பிறகு நான் மட்டும். கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு, அது இங்கே எழுதத் தக்கதல்ல. நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, ரொட்டி வண்டி ஓட்டிய யூடெலைப் பற்றி.

யூடெல் போருக்கு முன்னால் ஜெப ஆலயத்தின் பக்கமே தலைகாட்டாதவன். மேதின ஊர்வலத்தில் கொடி பிடிப்பான், நோன்பு நாளில் வண்டியில் உட்கார்ந்து ஆப்பிள் தின்பான். அவன் மனைவி ஹிந்தா கோட்டுத் தொழிற்சாலையில் பித்தான் துளை தைப்பவள். வாய் கொஞ்சம் நீளம். இரண்டு பேரும் சண்டை போட்டால் தெருமுனை வரை கேட்கும், சிரித்தாலும் அப்படித்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் யூடெல் பட்டாளத்தில் சேர்ந்தான். கிளம்புகிற வாரம் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கச் சிப்பாய்கள். எல்லாரும் மனைவிக்குத் தள்ளுதற்சீட்டு, அதாவது விவாகரத்துப் பத்திரம், எழுதிக் கொடுக்க வந்தவர்கள். கோபத்தில் அல்ல. போரில் ஒருவன் காணாமல் போய், உடலும் கிடைக்காமல், செத்ததைப் பார்த்த சாட்சியும் இல்லாவிட்டால் அவன் மனைவி எங்கள் சட்டப்படி சாகும்வரை அவன் மனைவிதான். வேறு கல்யாணம் செய்ய முடியாது. அதனால் போகிறவன் முன்கூட்டியே அவளை விடுவித்துவிட்டுப் போவான். உயிரோடு திரும்பினால் மறுபடி மணப்பந்தலில் நின்று மோதிரம் போட்டுக்கொள்ளலாம். பையன்கள் அதைக் காப்பீட்டுப் பத்திரம் மாதிரி வேடிக்கையாகப் பேசினார்கள்.

யூடெலுக்கு அது வேடிக்கை இல்லை. ஹிந்தாவை வளர்த்தது அவள் சித்தி. அந்தச் சித்தியின் புருஷன் முதல் போரில் எங்கோ தொலைந்தவன். அவள் தினமும் சாப்பாட்டு மேஜையில் அவனுக்கு ஒரு தட்டு வைப்பாள், பிறகு கழுவாமலேயே எடுத்து அடுக்குவாள். அதைப் பார்த்துத்தான் யூடெல் மதமும் வேண்டாம் மண்ணும் வேண்டாம் என்று இருந்தவன், ரப்பி வீட்டுப் படியேறினான்.

ஹிந்தா வர மாட்டேன் என்று அடம் பிடித்தாள். அவன்தான் இழுத்து வந்தான். என் அப்பா கேட்டார், "உன் பேரு?"

"யூடெல்."

"அப்பா பேரு?"

"மெண்டல்."

எழுதுபவர் எழுதினார், சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள், யூடெல் அந்தத் தாளை ஹிந்தாவின் இரண்டு கைகளிலும் போட்டான். வெளியே போகும்போது அவள், "விடுதலை ஆயிட்டேன்ல, இன்னைக்கு ராத்திரி சினிமாவுக்கு வேற எவன் கூடயாவது போறேன் பாரு" என்றாள். கூடத்தில் இருந்த சிப்பாய்கள் எல்லாரும் சிரித்தார்கள். வாசல் தாண்டியதும் அவள் அழுததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். எனக்கு அப்போது பதினேழு வயது.

அவனை அனுப்பிய ஹாங்காங் அந்தக் கிறிஸ்துமஸில் ஜப்பானிடம் விழுந்தது. யூடெல் ஜப்பான்காரன் கைதி முகாமில் போர் முடியும்வரை கிடந்தான். உயிரோடு இருக்கிறானா என்று ஒன்றரை வருடம் யாருக்கும் தெரியவில்லை. ஹிந்தா பித்தான் துளை தைத்தாள். ரோமத் தொப்பி வியாபாரி ஒருவன், மனைவியை இழந்தவன், ஆள் விட்டுக் கேட்டான். "எனக்கு ஏற்கனவே ஒரு தலைவலி இருக்கு, தொப்பி வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினாள்.

நாற்பத்தைந்து இலையுதிர் காலத்தில் அவன் திரும்பினான். பாதி ஆளாகத்தான் வந்தான். ரயில் நிலையத்திலிருந்து, அவன் போன பிறகு ஹிந்தா குடிமாறியிருந்த வீட்டுக்குப் போகவில்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான், பின்னால் ஹிந்தா புதுக் கவுனில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ரெபே, மறுபடி கல்யாணம் பண்ணி வைங்க. அதுக்கப்புறம்தான் இவ வீட்டுக்குள்ள கால் வைப்பேன். முறைப்படி இருக்கணும்."

"பாருங்க ரெபே, கொடி பிடிச்சவன் முறை பேசறான்!" என்றாள் ஹிந்தா. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை.

என் அப்பா அலமாரியைத் திறந்து மதுப் புட்டியை எடுத்தார், அம்மாவை அழைத்தார், தேன் கேக் கொண்டுவரச் சொன்னார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டுகளில் திரும்பி வந்து ரத்தாகப் போகிற முதல் சீட்டு இதுதான். உட்கார்ந்து, திருமண ஒப்பந்தம் எழுதப் பேனாவை எடுத்தார். பேர் தெரிந்ததுதான் என்றாலும் கேட்க வேண்டும்.

"பேரு?"

யூடெல் எழுந்து நின்றான். "யூடெல், மெண்டல் மகன். கோஹென்."

என் அப்பாவின் பேனா நின்றது. "என்ன சொன்னே?"

"கோஹென், ரெபே. எங்க அப்பா வழி ஆசாரிய வம்சம். முன்னாடி இதையெல்லாம் நான் சொல்லிக்கறதே இல்ல."

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே ரெபே."

அம்மா தேன் கேக்கோடு வாசலில் நின்றாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. பழங்கால ஆலயத்தில் வழிபாடு நடத்திய ஆசாரியர்களின் வழிவந்தவன் கோஹென். அவன் தள்ளப்பட்ட, விவாகரத்தான பெண்ணை மணக்கக் கூடாது. தானே தள்ளியவளாக இருந்தாலும் கூடாது. மற்ற சிப்பாய்களுக்கு அந்தச் சீட்டு திரும்பிவரக்கூடிய கதவு. யூடெலுக்கு அது ஒரே பக்கம் திறக்கும் கதவு. ஆசாரியனுக்கு இந்தச் சீட்டு எழுதுமுன் இதைச் சொல்லி எச்சரிக்க வேண்டும் என்பது எந்த ரப்பிக்கும் தெரியும். அதற்கு முதலில் அவன் ஆசாரியனா என்று கேட்க வேண்டும். முட்டைக்கு மூன்று கேள்வி கேட்கிற என் அப்பா, அந்த வாரத்து நெரிசலில் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

அவர் சொல்லி முடித்ததும் யூடெல் திக்கித் திக்கிக் கேட்டான். "நான்தானே விட்டேன்? இவ நல்லதுக்குத்தானே விட்டேன்? நானே திரும்பி வந்திருக்கேனே ரெபே?"

"தெரியும்பா."

"எனக்கு இது தெரியாதே."

"தெரியும்பா. தப்பு என்னோடது" என்றார் என் அப்பா.

ஹிந்தா மட்டும் கலங்கவில்லை. "இவ்வளவுதானா? அரசாங்கப் பதிவேட்டுல நாங்க இன்னும் புருஷன் பொண்டாட்டிதான். அந்தச் சீட்டு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. வா யூடெல், வீட்டுக்குப் போகலாம். சூப் ஆறிப் போகுது."

யூடெல் நகரவில்லை. அப்போதுதான் அவன் முகாமைப் பற்றிச் சொன்னான், அதன் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. அங்கே இருந்த சில யூதப் பையன்களில் அவன் ஒருவன்தான் கோஹென். ஜெபப் புத்தகம் இல்லை, ரொட்டி இல்லை, மருந்தும் இல்லை. சாகக் கிடந்த ஒருவன் இவனிடம், நீ கோஹென்தானே, கையை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்லேன் என்று கேட்டான். இவனுக்கு அப்பா சொல்லிக்கொடுத்தது அரைகுறையாக ஞாபகம் இருந்தது. சொன்னான். பிறகு அடுத்தவன் கேட்டான். "நான் எதையும் நம்பாதவன் ரெபே. ஆனா அவனுங்க நம்பினானுங்க. என் கையைத்தான் பாத்துக்கிட்டே போனானுங்க. அந்தக் கையை இப்போ நான் பொய்யாக்கணுமா?" தள்ளப்பட்டவளோடு வாழும் ஆசாரியன் ஆசீர்வதிக்க மேடையேற முடியாது. அதுவும் சட்டம்.

"செத்தவனையும் புதைச்சேன். கோஹென் பிணத்துக்கிட்டயே போகக் கூடாதுன்னு எங்க அப்பா சொல்வாரு. அதுவும் தப்பா?"

"தப்பில்ல. யாருமில்லாத பிணத்தைப் புதைக்க ஆசாரியனும் போகலாம். போகணும்" என்றார் என் அப்பா. அன்று அவரால் கொடுக்க முடிந்த ஒரே நல்ல பதில் அதுதான்.

ஹிந்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கண்டவனுக்கெல்லாம் கை தூக்கினியே யூடெல், எனக்குன்னு ஒரு கை இல்லையா?" அவன் தலை குனிந்தான். அவள் தனியாக வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு என் அப்பா அந்தச் சீட்டில் பிழை தேடினார். ஒரு எழுத்துப் பிசகியிருந்தால், ஊர்ப் பெயரில் ஒரு புள்ளி தவறியிருந்தால், அது சீட்டே இல்லை என்று ஆகிவிடும். வாழ்நாள் முழுக்கப் பிழை வந்துவிடக் கூடாது என்று பயந்த மனிதர், இப்போது ஒரு பிழைக்காகக் கடவுளை வேண்டினார். டொராண்டோவுக்கும் நியூயார்க்குக்கும் எழுதிக் கேட்டார். எல்லாரும் வருத்தம் தெரிவித்தார்கள், யாரும் வழி சொல்லவில்லை. "பிழை இருந்துச்சுன்னு சொல்லிடுங்கப்பா. யாருக்குத் தெரியப் போகுது?" என்று நான் கத்தினேன். "எனக்குத் தெரியும் ப்ளூமா. பொய்ய வச்சு நான் தீர்ப்புச் சொன்னா அவங்க வீடு எதுமேல நிக்கும்?" என்றார். நான் அவரோடு பல வாரம் பேசவில்லை. இன்றைக்கும் அவர் சொன்னது சரி என்று என் தலைக்குத் தெரியும், என் மனசு ஒப்புக்கொள்ளாது.

அன்றிலிருந்து அவர் கேட்கிற கேள்விகள் பெருகின. முட்டையோடு வருகிறவளிடம்கூட, "நீ கோஹென் வீட்டுப் பொண்ணாம்மா?" என்று கேட்பார். "முட்டைக்கும் அதுக்கும் என்ன ரெபே?" என்று அவர்கள் விழிப்பார்கள். ரெபேக்கு வயசாகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவருக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை.

யூடெல் மறுபடி ரொட்டி வண்டி ஓட்டினான். விட்டவளோடு ஒரு கூரையின் கீழ் தனித்திருக்கக் கூடாது என்பதால் நான்கு தெரு தள்ளி ஒரு மாடி அறை எடுத்தான். தினமும் காலையில் ஹிந்தாவின் வாசல் படியில் ரொட்டி வைத்து, மணி அடித்து, பின்னால் நடந்து தெருவோர நடைபாதையில் போய் நிற்பான். அவள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலுக்குள் நிற்பாள். தெருவே சாட்சி. அவர்களுடைய குடித்தனம் அவ்வளவுதான்.

"இது ரொட்டியா, செங்கல்லா? நேத்து வாங்கினத வச்சுச் சுவரே கட்டலாம்."

"பல்லு போனவதான் ரொட்டியக் குறை சொல்லுவா."

"தொப்பி எங்க? காது உறைஞ்சு விழப் போகுது."

"விழுந்தா நீ திட்டறது கேக்காது. நல்லதுதான்."

எதிர்வீட்டுக்காரி என்னிடம், "இதுங்க ரெண்டும் புருஷன் பொண்டாட்டியா இருந்திருந்தாகூட இவ்வளவு பேசியிருக்காதுங்க" என்றாள். எனக்கு அவளை அறையலாம்போல் இருந்தது.

ஒருமுறை, திரும்பி வந்து ஆறேழு வருடம் கழித்து, அவன் நடைபாதையில் நின்றபடி சொன்னான். "ஹிந்தா, நீ வேற கல்யாணம் பண்ணிக்கோ. அதுக்குத்தானே நான் அந்தச் சீட்டக் குடுத்தேன். அது வீணாகலாமா?" அவள் அன்றைய ரொட்டியை எடுத்து வீசினாள். அது அவன் தோளில் பட்டுப் பனியில் விழுந்தது. அவன் அதை எடுத்துத் துடைத்து வண்டியில் வைத்துவிட்டு, வேறொன்று கொண்டுவந்து படியில் வைத்தான். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பண்டிகை நாட்களில் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, ஜெபச் சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு மேடையேறுவான். ஆசீர்வாதம் பெறுகிறவர்கள் கோஹென்களின் கையை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. ஹிந்தா பெண்கள் மாடியில் என் பக்கத்தில் உட்காருவாள். எல்லாரும் கண்ணை மூடியிருக்க அவள் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கைகளையே பார்ப்பாள். "பாக்கக் கூடாது ஹிந்தா" என்று நான் ஒருமுறை கிசுகிசுத்தேன். "இதுக்கு நான் குடுத்த விலைக்கு, கொஞ்சம் பாத்துக்கறேன்" என்றாள்.

இப்படி இருபத்தைந்து வருடம் போயிற்று. ஒரு பிப்ரவரியில் ஹிந்தாவுக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் யாராவது சாகக் கிடந்தால் கோஹென் உள்ளே போகத் தயங்குவான். யூடெல் வாகனங்கள் நிற்கும் இடத்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். நான் மேலே ஜன்னலிலிருந்து கை காட்டுவேன், நல்லாயிருந்தால் ஒரு கை, மோசமென்றால் இரண்டு. வியாழன் காலையில் நான் கையே காட்டவில்லை. கீழே இறங்கிப் போனேன்.

வெள்ளிக்கிழமை ஓய்வுநாள் தொடங்குமுன் அடக்கம் செய்ய வேண்டும். அன்று பார்த்துப் பனிப்புயல். குழியை முந்தின நாளே வெட்டி வைத்திருந்தார்கள், வெட்டியவர்களால் திரும்ப வர முடியவில்லை. அடக்கச் சங்கத்தில் மூன்று கிழவர்கள், சவ வண்டி ஓட்டுநர், என் அப்பா, நான். ஹிந்தாவுக்கு உறவென்று யாரும் இல்லை. சித்தி எப்போதோ போய்விட்டாள். கயிற்றில் பெட்டியை இறக்கிவிட்டோம். மண் கட்டி கட்டியாக உறைந்திருந்தது. முதல் கிழவர் நான்கு முறை அள்ளிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

கோஹென் கல்லறைக்குள் வரக் கூடாது. பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள், மனைவி, இவர்களுக்கு மட்டும் வரலாம். விட்டுவிட்ட மனைவிக்கு வர முடியாது. யூடெல் கம்பி வேலிக்கு வெளியே சாலையில் நின்றான். பனியில் அவனுடைய தொப்பி மட்டும் தெரிந்தது. தொப்பி போட்டிருந்தான்.

என் அப்பா வேலிக்கு நடந்து போனார். விழுந்துவிடுவாரோ என்று நானும் கூடப் போனேன்.

"யூடெல், உள்ள வா."

"கூடாதே ரெபே."

"வரலாம். நான் சொல்றேன். மண்ணு போட ஆளில்ல. அவளுக்குன்னு யாருமில்ல. யாருமில்லாத பிணத்துக்கு ஆசாரியன் வரலாம், உனக்குத் தெரியும். நீ முகாம்ல செஞ்சதுதான். உன் கோஹென் பட்டம் போகாது." அவருடைய தாடியில் பனி உறைந்திருந்தது. இருபத்தைந்து வருடம் தேடி அவருக்குக் கிடைத்த வழி இது ஒன்றுதான். அதை அவன் கையில் கொடுக்க வந்திருந்தார்.

யூடெல் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அவள யாருமில்லாதவள்னு சொல்லாதீங்க ரெபே."

"சட்டத்துக்காகச் சொல்றேன்பா..."

"சட்டத்துக்காகவும் சொல்லாதீங்க. அவளுக்கு நான் இருக்கேன்."

"அப்படின்னா..." என்று ஆரம்பித்த என் அப்பா நிறுத்திக்கொண்டார். அப்படியென்றால் அவள் யாருமில்லாத பிணம் இல்லை, அவனுக்கு அனுமதியும் இல்லை.

யூடெல் வாசல் பக்கம் நடந்தான். கதவைத் திறந்து உள்ளே வந்தான். கிழவர்களில் ஒருவர், "டேய், நீ கோஹென்! எங்கடா வர்றே?" என்று கத்தினார். அவன் திரும்பவில்லை. என் அப்பா மண்வெட்டியை அவன் கையில் கொடுக்கப் போனார், கைக்குக் கை கொடுத்தால் துக்கமும் கைமாறும் என்ற நம்பிக்கை நினைவு வந்து மண்ணில் ஊன்றினார். யூடெல் அதைப் பிடுங்கி அள்ளத் தொடங்கினான். வேறு யாரையும் தொடவிடவில்லை. "இவ்வளவு குளிர்லயா போவே? அவசரக்காரி, எப்பவும் அவசரக்காரி" என்று அவளைத் திட்டிக்கொண்டே குழியை நிரப்பினான். நான் வாய்விட்டு அழுதேன். ஓட்டுநருக்கு எங்கள் வழக்கம் எதுவும் தெரியாது, அவரும் அழுதார்.

ஏழு நாள் துக்கம் அவன் ஹிந்தாவின் வீட்டில் இருந்தான். சாவியை நான்தான் கொடுத்தேன். உள்ளே போனதும் நின்றுவிட்டான். "ப்ளூமா, விளக்கு சுவிட்ச் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் சுவரைத் தடவித் தேடினோம்.

ஊர் சும்மா இருக்குமா? விட்டவளுக்குத் துக்கம் காக்க இவன் யார், ஆசாரியன் கல்லறைக்குள் போகலாமா, ரெபே வாயை மூடிக்கொண்டு நிற்கலாமா என்று தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் யாரும் முட்டையைப் பற்றிக் கேட்கவில்லை.

எட்டாம் நாள் மறுபடி மணி அடித்தது. நான் எடுத்தேன்.

"ப்ளூமா, யூடெல் பேசறேன். ரெபேகிட்ட ஒரு கேள்வி."

அவன் வாழ்நாளில் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி அது. என் அப்பாவிடம் கொடுத்துவிட்டு நான் பக்கத்திலேயே நின்றேன். யூடெலின் குரல் எனக்கும் கேட்டது.

"பஸ்கா பண்டிகைக்கு என்னை மேடைக்குக் கூப்பிடாதீங்க ரெபே. இனிமே நான் ஏற மாட்டேன்."

"சரிப்பா."

"அது கேள்வி இல்ல. கேள்வி வேற." என்றவன் கேட்டான். "பொண்டாட்டி செத்தா, புருஷன் எத்தனை நாள் காதிஷ் ஜெபம் சொல்லணும்?"

என் அப்பா ஒரு கேள்விக்கு மூன்று கேள்வி கேட்பவர். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"முப்பது நாள், யூடெல்" என்றார். "புருஷனுக்கு முப்பது நாள்."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.